மெயின் ஸ்விட்சின் அருகில்

லேத் ஓடும்போது நான் மெயின் ஸ்விட்சின் அருகில் நிற்பேன். என் மகனிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை அது.

"நீ அங்கன நின்னு என்னம்மா செய்யப் போற?" என்று முதல் நாள் சிரித்தான்.

"அணைப்பேன்" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் வீடு வந்து, முகம் கழுவி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஷெட்டுச் சுவரோரம் போய் நிற்கும்வரை மோட்டாரைப் போடாமல் காத்திருப்பான். ஸ்விட்ச் பெட்டி என் தோள் உயரத்தில் இருந்தது. பழைய இரும்புப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைக் கீழே இழுத்தால் வீடு முழுக்க மின்சாரம் நின்றுவிடும். அவன் வெளியே போயிருந்த நேரங்களில் நான் அதை இழுத்துப் பழகியிருக்கிறேன். ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும் என்று தெரிந்தும் இழுத்தேன்.

அவன் கப்பலில் ஃபிட்டர். இன்ஜின் அறையில் எது உடைந்தாலும் ஒட்டவைப்பதும், எது தேய்ந்தாலும் லேத்தில் கடைந்து புதிதாகச் செய்து மாட்டுவதும் அவன் வேலை. நடுக்கடலில் கடை கிடையாது, கடை அவன்தான். என் கணவரும் கப்பல்காரர்தான், போசன். மேல்தளத்து ஆட்களை வேலை வாங்குபவர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் கப்பலில் இருப்பார்கள், மீதி வீடுகளில் வள்ளத்தில் இருப்பார்கள். நான் பிறந்தது வள்ளக்கார வீட்டில். என் தம்பி இன்னும் வள்ளம் வைத்திருக்கிறான். நான் மட்டும் படித்து, கணக்கு டீச்சராகி, கரையிலேயே இருந்துவிட்டேன். கடலைப் பற்றிய பயம் முழுவதையும் மற்றவர்கள் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது போல இருக்கும் சில நேரம்.

செய்தி வந்தபோது நான் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். ஏஜெண்ட் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் பேசினான். "மேடம், பயப்படாதீங்க" என்று தொடங்கினான். அதற்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் எனக்கு வரிசையாக நினைவில்லை. சிலிண்டர் மூடியைத் தூக்கும்போது, அதைத் தாங்கிய சங்கிலிக் கப்பி, செயின் பிளாக், நழுவியிருக்கிறது. வலது கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடியோடு போய்விட்டன. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்து, தையல் பிரித்தபின் ஊருக்கு அனுப்பினார்கள். விமான நிலையத்தில் அவன் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த கைக்கட்டைத்தான் பார்த்தேன். இன்றும் என் போன் அடித்தால், பேசுகிறவர் முதல் வாக்கியத்தை முடிக்கும்வரை நான் மூச்சை விடுவதில்லை.

கம்பெனி அவனைக் கைவிடவில்லை. கை ஆறியதும் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால் சென்னையில் அவர்களுடைய பட்டறையில் ஒரு சோதனை. பரிசோதகர் முன்னால் லேத்தில் ஒரு கம்பியைக் கடைந்து, அதில் திருகாணிக்கு இருப்பது போலப் புரி வெட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் மறுபடியும் கப்பல். இல்லையென்றால் அதோடு முடிந்தது. அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். எனக்கு வேண்டாததும் அது ஒன்றுதான்.

பழகுவதற்கு லேத் வேண்டும் என்று அவன் ஊர் முழுக்க அலைந்தான். எந்தப் பட்டறையிலும் காயம்பட்ட கையை மெஷினில் வைக்க விடவில்லை. குற்றம் சொல்ல முடியாது. கடைசியில் துறைமுகச் சாலைப் பக்கம், தோணிகளுக்கு வேலை செய்துவந்து மூடிப்போன ஒரு பட்டறையின் பின்னால், தகரத்துக்கு அடியில் கிடந்த ஆறடி லேத் ஒன்றைப் பிடித்தான். மிகப் பழையது. பெயர்ப் பலகை இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும் இருந்தன. மேலெல்லாம் உப்பு ஏறி, துரு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. டெம்போவில் வந்தது. ஸ்கூட்டர் நிற்கும் ஷெட்டுக்குள் அதைக் கொண்டுபோக என் தம்பிதான் முன்னால் நின்றான். வள்ளத்தைக் கரையேற்றுவது போலக் குழாய்களை அடியில் போட்டு உருட்டச் சொன்னான். பாதி வழியில் லேத் நின்றுவிட்டது.

"வள்ளம்னா நாம தள்ளுனா அதுவும் கொஞ்சம் வரும்டே" என்றான் தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டு. "இது செத்த ஆனை."

"நீ தள்ளவே இல்ல மாமா. சத்தம்தான் போட்ட" என்றான் மகன்.

"சத்தம் போடுதவன் இல்லாம எந்தப் பாரம்டே நகந்துருக்கு?"

வீட்டில் மாதக்கணக்கில் சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. அன்று கேட்டது. அதற்காகவே அந்த இரும்பை நான் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு அவன் அதைக் கழற்றத் தொடங்கினான். கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, துடைத்து, பழைய பேப்பரில் பரப்பி வைத்தான். என் வீட்டு நடையெல்லாம் பல்சக்கரங்கள். நான் விளக்கம் கேட்காமலே கற்றுக்கொண்டேன்: நீண்டு கிடக்கும் இரும்புத் தண்டவாளம் போன்றது பெட், சுற்றுவது சக், கம்பியைப் பிடிப்பது அதன் தாடைகள், வெட்டும் டூலைச் சுமந்துகொண்டு பெட்டின்மேல் இங்கும் அங்கும் நகர்வது கேரேஜ். மூன்று விரல்களால் திருப்புளியைப் பிடிக்க முதலில் அவனால் முடியவில்லை. கீழே விழும். குனிந்து எடுப்பான். மறுபடி விழும். நான் சமையலறை ஜன்னலில் நின்று, எடுத்துக் கொடுக்கப் போகாமல் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டேன். சில வாரங்களில் விழுவது நின்றது. அது எனக்குச் சந்தோஷம்தான். அதே நேரத்தில், விழாத ஒவ்வொரு திருப்புளியும் அவனை ஒரு முழம் கடல் பக்கமாகத் தள்ளுகிறது என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு பல்சக்கரம் காணாமல் போயிருந்தது. இருக்கிற சக்கரங்களை மாற்றி மாற்றிக் கோத்து வேண்டிய புரியை எடுக்க முடியுமா என்று என்னிடம் கேட்டான். "கணக்கு உன் டிப்பார்ட்மெண்டுல்லா" என்றான். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் விகிதங்களை எழுதிப் பார்த்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். என்னை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் விடை வந்துவிட்டது. வந்த விடையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

புரி வெட்டுவது எப்படி என்று ஒரு நாள் எனக்குச் செய்து காட்டினான், எப்போது ஸ்விட்சை இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டுமாம். லேத்தின் முன்பக்கம் நெடுக ஒரு திருகுத் தண்டு சுற்றும். கேரேஜுக்குள் அந்தத் தண்டைக் கவ்விக்கொள்ள இரண்டு பாதியாக ஒரு நட் இருக்கிறது. லிவரைக் கீழே அழுத்தினால் அந்த நட் மூடிக் கவ்விக்கொள்ளும். கேரேஜ், டூலோடு சேர்ந்து, சுற்றும் சக்கை நோக்கித் தானாக நகரும். புரி முடியும் இடம் வந்ததும் லிவரை மேலே தூக்க வேண்டும். நட் திறந்துவிடும், கேரேஜ் நின்றுவிடும்.

"தூக்கலன்னா?"

"நேரா போயி சக்குல மோதும்."

"மோதுனா?"

"அதுக்குத்தான் நீ நிக்கியே" என்றான்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். லிவரைக் கீழே அழுத்த உள்ளங்கை போதும். மேலே தூக்கத்தான் விரல்கள் வேண்டும். அந்தச் சிறு உருண்டைப் பிடியை அடியிலிருந்து கவ்வி மேலே இழுக்க, கையின் எந்தப் பக்கம் வலு வேண்டுமோ அந்தப் பக்கத்து விரல்கள்தான் அவனிடம் இல்லை. மோட்டாரைப் போடாமல் அதை மட்டும் பழகுவான். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருப்பேன். ஷெட்டிலிருந்து டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அழுத்துவது ஒரு சத்தம், தூக்குவது ஒரு சத்தம். இரண்டாவது சத்தம் வரும்வரை என் கத்தி நின்றிருக்கும்.

மருத்துவப் பரிசோதனைக்கு அவன் சென்னை போன சமயத்தில் தம்பி வந்தான். லேத்தின் மேல் போர்த்தியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, பெட்டு செவந்துக்கிட்டு வருது. இந்த உப்புக் காத்துக்குத் துணி போத்தி வச்சா நிக்குமா?"

"அவன் வந்து எண்ணெய் போட்டுக்கிடுவான்."

"அவன் வாரதுக்குள்ள துரு தின்னுரும். நான் போட்டு வச்சுட்டுப் போறேன். நீ பேப்பரத் திருத்து."

நான் விடைத்தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து முற்றத்துக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவியபடி கூப்பிட்டான். "ஒரு ஓட்டை விடல. எங்கெங்க ஓட்டை இருந்துச்சோ அங்கெல்லாம் ஊத்தியாச்சு. மருமவன் வந்து என்னயக் கும்புடப் போறான் பாரு."

டீ கொடுத்து அனுப்பினேன். என்ன எண்ணெய் என்று கேட்கத் தோன்றவில்லை. லேத்துக்குப் போடும் எண்ணெய் என்றுதான் நினைத்தேன்.

மகன் அங்கிருந்து போன் செய்தான். "ஃபிட்னு போட்டுட்டாங்கம்மா" என்றான். டெஸ்டுக்கு விரைவில் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னான். நல்லது என்று சொன்னேன். ஒரு வாரம் அங்கேயே நண்பன் வீட்டில் இருந்துவிட்டு வந்தான். வந்த அன்றே மாலையில், பயணக் களைப்போடு, துணியை விலக்கிவிட்டு, எதையும் துடைத்துப் பார்க்காமல் டூலைச் சாணை பிடித்தான். "என்னமோ மீன் வாடை அடிக்கே" என்று மட்டும் சொன்னான். கருவாடு காயும் பக்கத்திலிருந்து காற்று வரும் நேரம் அது. இந்த ஊரில் மீன் வாடை அடிக்கிறது என்று யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

நான் ஸ்விட்சின் அருகில் போய் நின்றேன்.

சக் மெதுவாகத்தான் சுற்றியது. அவன் உள்ளங்கையால் லிவரை அழுத்தினான். கொஞ்சம் பலமாக அழுத்த வேண்டியிருந்தது போல, தோளும் சேர்ந்து இறங்கியது. கேரேஜ் நகரத் தொடங்கியது. கம்பியின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடாகப் புரி விழுந்துகொண்டே வந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. முடியும் இடம் வந்தது. இடது கையால் டூலைப் பின்னுக்கு இழுத்தான். வலது கையை லிவருக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான்.

அந்த இரண்டாவது சத்தம் வரவில்லை.

அவன் தோள் உயர்வதைப் பார்த்தேன். மறுபடி உயர்ந்தது. கை பிடியிலிருந்து வழுக்கி மேலே போனது. லிவர் இருந்த இடத்திலேயே இருந்தது. கேரேஜ் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவன் மறுபடியும் கையைக் கொடுத்தான். மோட்டார் பொத்தானை நோக்கி இடது கையை நீட்டினானா என்று எனக்குத் தெரியாது. நான் எப்போது கைப்பிடியை இழுத்தேன் என்பதும் தெரியாது. இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. பெல்ட் துள்ளி விழுந்தது. ஏதோ ஒன்று கூரைத் தகரத்தில் அடித்தது. அதற்குப் பிறகு வீட்டில் ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்து அறை டியூப்லைட்டின் ரீங்காரம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்று, எங்கள் இருவரின் மூச்சு மட்டும் கேட்டது.

என் கை கைப்பிடியைவிட்டு வரவில்லை. அவன்தான் வந்து விரல்களைப் பிரித்து எடுத்தான்.

ஒடிந்த டூல் நுனி கூரைத் தகரத்தில் ஒரு பள்ளம் போட்டிருந்தது, அவன் தலை இருந்த இடத்துக்கு நேர் மேலே. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் இரண்டு முறை தடவிப் பார்த்தேன். அவன் தன் வலது கையை விரித்து, ஒரு சாமான் வாங்கிப் பார்ப்பது போல, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"கை தூக்கலம்மா."

"மெஷினு என்னமோ…"

"மெஷினு இல்ல. நான் தூக்குனேன். கை தூக்கல."

ஒரு ஃபிட்டர் அந்த இடத்தில் முதலில் மெஷினைத்தான் பார்த்திருக்க வேண்டும். அவன் பார்க்கவில்லை. மோதிய வேகத்தில் நட் இறுகிப்போய்விட்டது, இனி அதை அசைத்துப் பார்த்து என்ன என்றான். விபத்து நடந்த நாளிலிருந்து அவன் பயந்துகொண்டிருந்த ஒன்று நடந்துவிட்டது. அதை அவன் சந்தேகிக்கவே இல்லை. துணியைப் போர்த்தினான். கயிறு போட்டுக் கட்டினான். மறுநாள் பழைய இரும்பு எடுக்கும் ஆள் ஒருவரிடம் பேசினான். சனிக்கிழமை மாலை வந்து பார்ப்பதாக அவர் சொன்னார்.

என் கணவர் கப்பலிலிருந்து பேசினார். நடந்ததைச் சொன்னேன். "சரி. இருக்கட்டும். கரையில வேலையா இல்ல" என்றார். "அவன்ட்ட குடு." அவன் தலையசைத்து வேண்டாம் என்றுவிட்டான்.

நான் சந்தோஷமாக இருந்தேன். இப்படி எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தேன். அவன் போகமாட்டான். போன் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். சந்தையில் நல்ல கணவாய் மீனாகப் பார்த்து வாங்கி வந்து அவனுக்குப் பிடித்தபடி வறுத்தேன். அன்று அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஒரு ஸ்பூன் குடும்மா" என்றான். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அவன் ஸ்பூனைத் தொட்டதே இல்லை. மூன்று விரல்களால் சோற்றைப் பிசைந்து, பாதி சிந்தி, சிந்தியதைப் பொறுக்கி, அப்படித்தான் சாப்பிட்டு வந்தான். நான் ஸ்பூனை எடுத்துக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை அவன் வெளியே போயிருந்தபோது, வாங்க வருகிறவருக்குக் கொஞ்சம் பார்க்கும்படியாக இருக்கட்டும் என்று பழைய துணியோடு ஷெட்டுக்குப் போனேன். பெட்டைத் துடைத்தேன். துணி நகரவில்லை, ஒட்டியது. பாகு காய்ச்சிய சட்டியை ஆறவிட்டுத் தொட்டது போல இருந்தது. மேலே தேன் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன்.

கருவாடு காயும் பக்கத்துக் காற்று இல்லை அது. வள்ளத்தின் பலகையில் பூசுகிற மீனெண்ணெய். என் அப்பாவின் கையில், சட்டையில், தம்பியின் தலையணையில், நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போன ரிப்பனில் இருந்த வாசனை. அதற்காகத்தான் வகுப்பில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

லிவரைப் பிடித்துத் தூக்கினேன். எனக்கு ஐந்து விரல்களும் இருக்கின்றன. அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினேன். அசையவில்லை. மோதியதால் இறுகியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, மோதலுக்குச் சம்பந்தமே இல்லாமல் லேத்தின் மறு கோடியில் இருக்கும் கைச்சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். சென்னை போகுமுன் அவன் ஒற்றை விரலால் சுண்டிச் சுற்றவிட்ட சக்கரம். கூழுக்குள் மாட்டியது போல அரை அங்குலம் வந்து நின்றுகொண்டது.

துணியை மறுபடி போர்த்தி, அவன் கட்டியிருந்த அதே முடிச்சைப் போட்டேன்.

மறுநாள் தம்பி மீன் கொண்டுவந்தான். வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"லேத்துக்கு என்ன எண்ணெய்டே போட்ட?"

"நம்ம எண்ணெய்தான். வள்ளத்துக்குப் பூசுதது. கடைச் சரக்கு இல்ல, நான் நின்னு காய்ச்சுனது. நங்கூரத்துல பூசி வருசம் பூரா கடல்ல போட்டு வச்சாலும் துரு அண்டாது."

"காஞ்சா என்ன ஆவும்?"

"காஞ்சா பிசின் மாதிரி இறுகிக்கிடும். அதான அதுக்க அழகு. தண்ணி…" என்றவன் நிறுத்தினான். என் முகத்தையும் ஷெட்டையும் மாறி மாறிப் பார்த்தான். கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டான். "அக்கா, உள்ளேயும் ஊத்திட்டேனே."

"அவன்ட்ட நீ சொல்லாத."

"பயல் கை போச்சுன்னு நெனச்சிக்கிட்டு அலையுதான்."

"தெரியும். நான் சொல்லுதேன்."

"எப்ப?"

நான் மீன் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தம்பியின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. என்னைவிட வயதில் இளையவன். சொல்லாதே என்றால் சொல்லமாட்டான். அது எனக்கு உதவியாக இல்லை. அவன் சொல்லித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதி போட்டுவிட்டு அடுத்த வரி தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். நாளை மாலை ஆள் வருவான், ஏற்றிக்கொண்டு போவான், அதோடு எண்ணெயும் போய்விடும். என் மகன் இங்கே ஏதாவது கடையில், உப்புக் கம்பெனியில், பழைய நண்பனின் மெக்கானிக் ஷெட்டில் வேலைக்குப் போவான். சாயங்காலம் வீட்டுக்கு வருவான். உயிரோடு வருவான். தான் கையாலாகாதவன் என்று நினைத்துக்கொண்டு வருவான். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிட்டு மற்றதையெல்லாம் நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம் சோறு வைத்தேன். நான் எடுத்து வைப்பதற்கு முன்னால் அவனே போய் ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்தான். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் சாப்பிட ஆரம்பித்தான்.

"ஏலே, அது கை இல்ல" என்றேன்.

அவன் நிமிர்ந்தான்.

"எண்ணெய். நீ ஊருல இல்லாதப்ப மாமா மீனெண்ணெய் ஊத்திருக்கான். எல்லா ஓட்டையிலயும். உள்ள இறுகிப் போயிருக்கு. நான் ரெண்டு கையால தூக்குனேன், எனக்கும் வரல."

"மோதுனதுல இறுகியிருக்கும்."

"அந்தக் கடைசிக் கைச்சக்கரமும் சுத்தல. அது எங்க மோதுச்சு?"

ஸ்பூனைத் தட்டில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். "நீ எப்ப பாத்த?"

"முந்தாநாள்."

"முந்தாநாளா" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னிடம் கணக்குத் தப்பாகப் போட்டு அடி வாங்கிய பிள்ளைகள் ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு எழுந்து ஷெட்டுக்குப் போனான். கயிறு அவிழும் சத்தம், பிறகு ஏதோ தட்டும் சத்தம். சோறு ஆறியது. திரும்பி வந்தபோது அவன் வலது கை முழுக்கத் தேன் நிறப் பிசின்.

"வாரவர வர வேண்டாம்னு சொல்லு" என்றான். குழாயடிக்குப் போய்விட்டான்.

நான் போன் செய்து சொன்னேன்.

தம்பி மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையிலேயே வந்தான். கேரேஜின் முன்பகுதியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தான் மகன். உள்ளே பல்சக்கரங்களும் நட்டும் ஒரே கட்டியாக, மெழுகில் புதைந்தது போல இருந்தன. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனான்.

"இத வள்ளம்னா மாமா நெனச்ச?"

"இரும்புதானடே. நங்கூரமும் இரும்புதான்."

"நங்கூரத்துக்குள்ள பல்சக்கரம் இருக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? ஓட்டை இருந்துச்சு, ஊத்துனேன். ஊத்தக் கூடாதுன்னா ஓட்டை எதுக்கு வைக்கான்?"

"உன் மூக்குலயும்தான் ரெண்டு ஓட்டை இருக்கு. ஊத்தட்டா?"

"ஊத்துடே. எனக்கு வேணும்" என்றான் தம்பி. சிரிக்க முயன்று முடியாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு தரையில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்ச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "எத மொதல்ல தேய்க்கணும், சொல்லு."

அந்தப் பிசின் சீக்கிரம் போகவில்லை. ஊறப்போட்டு, சுரண்டி, மறுபடி ஊறப்போட்டோம். நானும் பல் தேய்க்கும் பழைய பிரஷோடு உட்கார்ந்தேன். சக்கரத்தின் பல்லிடுக்குகளைத் தேய்ப்பது என் பங்கு. மகன் என்னிடம் தேவையானதை மட்டும் பேசினான். பிரஷ் குடு, துணி எடு. தம்பி போன பிறகு ஒரு மாலையில், நட்டின் இரண்டு பாதிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே கேட்டான்.

"நீ சொல்லாமலே இருந்திருப்பியாம்மா?"

பொய் சொல்ல அவகாசம் இருந்தது. "தெரியலடே" என்றேன்.

"ம்" என்றான். பாதிகளைத் துடைத்து என் கையில் கொடுத்தான், பிடித்துக்கொள்ளச் சொல்லி. அவன் அதற்குமேல் கேட்கவில்லை. நான் இன்னும் அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று, மோட்டாரைப் போடுமுன் என்னைக் கூப்பிட்டான். "நீ இங்கன வா. தூக்கிப் பாரு."

லிவரை அழுத்தினேன், தூக்கினேன். டக். மூன்று விரலால் தூக்கச் சொன்னான். டக். இரண்டு விரலால். எதிர்ப்பே இல்லாமல் எழுந்தது. ஒரு பாத்திர மூடியைத் திறப்பதற்குக்கூட இதைவிட அதிக பலம் வேண்டும்.

"பாத்தியா" என்றான். "இப்ப அங்கன போய் நில்லு."

கைப்பிடியைப் பிடித்தேன். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். கூரையில் அந்தப் பள்ளம் தெரிந்தது. அவன் அதற்கு நேர் கீழேதான் நின்றான்; லேத்தின் முன் நிற்க வேறு இடம் கிடையாது. சக் சுற்றியது. உள்ளங்கையால் அழுத்தினான். வெள்ளைக் கோடு கம்பியின் மேல் வளைந்து வளைந்து வந்தது. முடியும் இடத்துக்கு ஒரு விரற்கடை இருக்கையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்விட்சின் அருகில் நிற்பவள் செய்யக் கூடாத ஒரே காரியம் அது.

டக் என்று கேட்டது.

கண்ணைத் திறந்தபோது கேரேஜ் நின்றிருந்தது. சக் மட்டும் தனியாக, ஒன்றும் நடக்காதது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. கேரேஜைப் பின்னுக்கு நகர்த்தி, டூலை இன்னும் கொஞ்சம் ஆழம் கொடுத்து, மறுபடி அழுத்தினான். மறுபடி தூக்கினான். அப்படிப் பலமுறை. ஒவ்வொரு முறையும் அவன் வெட்டி முடிக்கும்வரை நான் நின்றேன். கடைசியில் மோட்டாரை அணைத்து, கடையில் வாங்கிய ஒரு நட்டை எடுத்து, தான் வெட்டிய புரியில் வைத்துச் சுண்டிவிட்டான். அது தானாகச் சுற்றிக்கொண்டு கடைசிவரை போயிற்று. அந்த மூன்று விரல்களும் கறுத்துப்போயிருந்தன. அன்று ராத்திரி அவன் கையால் சாப்பிட்டான்.

டெஸ்டுக்கு அவன் சென்னை போன அன்று நான் வகுப்பில் இருந்தேன். இடைவேளையில் போன் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

"ஆச்சும்மா" என்றான். "கப்பல் வந்ததும் கூப்பிடுவாங்க."

"சரி" என்றேன். "சாப்பிட்டியா?"

வீட்டுக்கு வந்து, பையைக்கூட வைக்காமல் ஷெட்டுக்குப் போனேன். துணியை விலக்கினேன். அவன் துடைத்து, சரியான எண்ணெய் பூசி வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆணியில் ஓர் அட்டை தொங்கியது. அவன் மாமாவுக்காக: தொடாதே. லிவரை அழுத்தி, இரண்டு விரலால் தூக்கினேன். எழுந்தது. மறுபடி அழுத்தித் தூக்கினேன். அவ்வளவு லேசாக எழுந்தது. அது எழாமல் கிடந்த அந்த நாட்களில் நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்துக்கொண்டு, விளக்கைப் போடாமல், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.